தொடக்கப் பொத்தான் மறைந்த காலம்: விண்டோஸ் 8-உம் சென்னையின் மேற்குப் புறநகரும்

2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாப்ட் வெளியிட்ட விண்டோஸ் 8 இயங்குதளத்தில், திரையின் இடது கீழ் மூலையில் 17 ஆண்டுகளாக இருந்துவந்த தொடக்கப் பொத்தான் இல்லை. கணினியைத் திறந்ததும் வழக்கமான முகப்புத்திரைக்குப் பதிலாக, வண்ண வண்ணக் கட்டங்கள் நிறைந்த ஒரு முழுத்திரை வந்து நின்றது. தொடுதிரைக் கருவிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இந்த மாற்றம், சுட்டியும் விசைப்பலகையும் கொண்டு வேலை செய்தவர்களிடம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஓராண்டுக்குள் பொத்தான் திரும்பியது. மூன்றாண்டுக்குள் பழைய பட்டியும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பியது.

இந்த நிகழ்வு பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் வணிகத் தவறாகவே பேசப்படுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து பார்த்தால் அதன் உருவம் வேறு. அரசின் இலவச மடிக்கணினித் திட்டம், விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவு, தமிழ் எழுத்துருக் குறியீட்டிலிருந்து ஒருங்குறிக்கு மாறுதல் ஆகிய மூன்றும் இங்கே அதே சில ஆண்டுகளில் வந்து குவிந்தன. பொத்தான் காணாமற்போனது அந்தக் குவியலின் கண்ணுக்குத் தெரிந்த நுனி மட்டுமே.

இடது மூலையில் கற்ற கணினி

தொடக்கப் பொத்தான் பழமையானது அன்று. அதுவே ஒரு காலத்தில் புதுமையாக வந்தது. விண்டோஸ் 3.1 வரை நிரல்களைத் திறக்க நிரல் மேலாளர் என்னும் சாளரம் இருந்தது. அதைப் பார்த்துப் புதியவர்கள் எங்கே தொடங்குவது என்று திகைப்பதைக் கவனித்து, டேனி ஓரன் என்ற நடத்தையியல் பின்னணி கொண்ட வடிவமைப்பாளர் தொடக்கப் பொத்தானையும் பணிப்பட்டையையும் உருவாக்கினார். 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 உடன் அது வெளிவந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் தொடங்கியிருந்தது. ஆகவே இணையத்தின் வழியாகக் கணினிக்கு வந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, கணினி என்றாலே இடது மூலையில் ஒரு பொத்தான் உள்ள திரைதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. வாகன உதிரிபாகங்கள், வார்ப்படங்கள், கருவிகள் செய்யும் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களே அதன் முதுகெலும்பு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடை தொழிற்சாலையும் இருந்தன. இவற்றைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளில் தட்டச்சுப் பயிலகங்களுக்கு எப்போதும் ஆள் உண்டு. 1990-களின் கடைசியில் அந்தப் பயிலகங்களின் பெயர்ப்பலகையில் 'கணினி' என்ற சொல் சேர்ந்தது. தட்டச்சர் வேலைக்குப் போக விரும்பியவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வையும் எழுத வேண்டியிருந்தது.

அங்கே கற்பித்த முறையைக் கவனிக்க வேண்டும். பாடம் பெரும்பாலும் இடத்தின் பாடம். 'ஸ்டார்ட் போ, புரோகிராம்ஸ் போ, மூன்றாவதைச் சொடுக்கு' என்று குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொள்வார்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவருக்கு, பட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது எத்தனையாவது வரி என்பது நம்பகமான அறிவு. தட்டச்சில் விரல் இருக்குமிடத்தை மனப்பாடம் செய்தது போலவே, திரையில் சுட்டி போகுமிடத்தையும் மனப்பாடம் செய்தார்கள். இதைக் குறைவாக மதிப்பிடுவது எளிது. ஆனால் பயிற்சி பெற்ற கைக்கு அது வேகமான, பிழையற்ற முறை. ஓர் அலுவலக எழுத்தரின் நாள் அதில்தான் ஓடியது.

2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்த மூலையை மாற்றவில்லை. பச்சை நிறம் பூசியதோடு விட்டது. சி.டி.எச். சாலை நெடுக முளைத்த உலாவல் மையங்களும், ஒளியச்சுக் கடைகளும், தொழிற்பேட்டைக் கணக்குப் பிரிவுகளும் எக்ஸ்பியில் நிலைபெற்றன. அடுத்து வந்த விஸ்டாவைப் பலர் தாண்டிச் சென்றார்கள். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோதும் பழைய இயந்திரங்களில் எக்ஸ்பியே நீடித்தது.

காக்களூரில் இரண்டு இயங்குதளங்கள்

2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் காக்களூர். ஆவடியிலிருந்து மேற்கே, திருவள்ளூர் நகரை ஒட்டி இருக்கும் ஊர் அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தன. முதலாண்டில் மட்டும் மாநிலம் முழுவதற்கும் 9.12 லட்சம் மடிக்கணினிகள் திட்டமிடப்பட்டன. கொள்முதல் பொறுப்பு தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் இருந்தது.

எல்காட்டுக்கு இதில் முன்கதை ஒன்று உண்டு. 2006 முதல் சில ஆண்டுகள் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், இ.ஆ.ப., நிறுவனத்தின் சொந்த அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றினார். பிற துறைகளையும் பள்ளிகளையும் அதே வழியில் அழைத்துச்செல்ல முயன்றார். உரிமக் கட்டணம் மிச்சமாவது ஒரு காரணம். நச்சுநிரல் தொல்லை குறைவது இன்னொரு காரணம். இந்தக் காலத்துக்கு முன்பே மாநிலப் பாடத்திட்டம் பிளஸ் 2 கணினி அறிவியலில் மைக்ரோசாப்ட்டின் அலுவலகத் தொகுப்பை விட்டு ஸ்டார் ஆபிஸைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. தேர்வில் ஸ்டார் ஆபிஸ், தெருமுனைக் கடையில் மைக்ரோசாப்ட் ஆபிஸ் என்ற வேடிக்கையான இரட்டை வாழ்வு தமிழ்நாட்டு மாணவருக்கு அப்போதே பழகிவிட்டது.

மடிக்கணினிகளும் அதே இரட்டைத்தன்மையோடு வந்தன. விண்டோஸும் லினக்ஸும் ஒரே வட்டில் பதிக்கப்பட்டிருந்தன. இயக்கும்போது எது வேண்டும் என்று திரை கேட்டது. விண்டோஸைச் சேர்த்ததைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். பொதுப் பணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் பழக்கத்தை ஏன் விதைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. லினக்ஸ் மட்டும் போதாது, வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கிறது என்பது பெற்றோர் தரப்பில் இயல்பாக எழும் பதில். இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது.

இந்த மடிக்கணினிகளில் பின்னர் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ் சென்னைக்கு அந்நியமானதன்று. பாரத் இயங்குதளத் தீர்வுகள் என்பதன் சுருக்கமான பாஸ், உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவில், டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவானது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதன் இடைமுகம் கிடைத்தது. பள்ளி மாணவருக்கு ஆங்கிலப் பட்டிக்குப் பதில் தமிழ்ப் பட்டியைக் காட்டிய இயங்குதளம் என்ற வகையில் அதற்குத் தனி இடம் உண்டு.

எதிர்பாராத விளைவு ஒன்றும் இதிலிருந்து பிறந்தது. தன் முதல் கணினியிலேயே இரண்டு வேறு முகங்களைப் பார்த்த மாணவருக்கு, 'கணினி இப்படித்தான் இருக்கும்' என்ற ஒற்றைப் படிவம் மனத்தில் உறையவில்லை. ஒரு வருடம் கழித்து விண்டோஸ் 8 வந்தபோது அதே வீட்டில் அப்பா திணறினார், மகள் திணறவில்லை என்றால் அதற்கு வயது மட்டும் காரணம் அன்று.

எண்ணப்படாத பயனர்கள்

பொத்தானை எடுக்கத் துணிந்தது எப்படி? விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கியின் குழு 2011 அக்டோபரில் தன் காரணங்களை விரிவாகவே வெளியிட்டது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தபோது தொடக்கப் பட்டியைத் திறப்பது 11 விழுக்காடு குறைந்துவிட்டது, பயனர்கள் வேண்டிய நிரல்களைப் பணிப்பட்டையிலேயே பொருத்திக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. இத்தகைய கணக்குகளுக்கான தரவு, பயனர் அனுபவத்தை மேம்படுத்தும் திட்டத்தில் விருப்பத்துடன் சேர்ந்தவர்களின் கணினிகளிலிருந்து இணையம் வழியாகச் சென்றது.

எண் பொய்யன்று. ஆனால் அது யாருடைய எண் என்று பார்க்க வேண்டும். ஒப்பீடு விஸ்டாவுக்கும் 7-க்கும் இடையில் நடந்தது. விஸ்டாவைத் தாண்டிவிட்டு எக்ஸ்பியில் இருந்த உலாவல் மையம் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. இணைய இணைப்பே இல்லாமல் ரசீது அடித்துக்கொண்டிருந்த தொழிற்கூடக் கணினியும் அதில் இல்லை. உரிமம் இல்லாத நகலில் ஓடிய கடைக் கணினிகள் அத்திட்டத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. பொத்தானை அதிகம் நம்பியிருந்தவர்களே எண்ணிக்கையில் மிகக் குறைவாகத் தெரிந்தார்கள். பலர் அந்தப் பட்டியைப் பயன்படுத்துவதில்லை என்று காட்டிய தரவு, பயன்படுத்துபவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை.

வெளியானதும் குழப்பம் எளிய இடங்களில் தொடங்கியது. கணினியை அணைப்பது எப்படி என்பதே முதல் கேள்வி. சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோனால் சார்ம்ஸ் என்றொரு பட்டை சறுக்கிக்கொண்டு வரும். அதில் அமைப்புகள், அதற்குள் மின்சாரம், அதற்குள் நிறுத்து. அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்பதற்குத் திரையில் எந்தக் குறியும் கிடையாது. தெரிந்தவர் சொல்லித்தான் தெரியும். படம் ஒன்றைத் திறந்தால் அது முழுத்திரையையும் பிடித்துக்கொள்ளும்; மூடுவதற்குப் பெருக்கல் குறி இருக்காது; மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ் வரை இழுத்து விட வேண்டும். கணினி நின்றுவிட்டது என்று நினைத்து மின்பொத்தானையே அழுத்தி அணைத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

தெரு அளவில் இதற்கொரு தீர்வும் விரைவில் பரவியது. ஐவோ பெல்ச்சேவ் என்ற நிரலர் 2009 முதலே இலவசமாகக் கொடுத்துவந்த கிளாசிக் ஷெல் என்னும் சிறு நிரல், பழைய தொடக்கப் பட்டியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இதற்காகவே சில டாலருக்கு விற்ற நிரல்களும் உண்டு. புதுக் கணினி வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் விண்டோஸ் 8-ஐ நீக்கிவிட்டு விண்டோஸ் 7-ஐப் பதிந்துகொண்டார்கள். பழுதுபார்க்கும் கடைகளுக்கு அது ஒரு தனி வருமானம்.

கணக்குப் பிரிவுகள் ஒப்பீட்டளவில் தப்பித்தன. தொழிற்பேட்டையின் பேரேடுகள் பெரும்பாலும் டேலியில் இருந்தன. டேலி முழுக்க முழுக்க விசைகளால் ஓடுவது. அதைத் திறந்துவிட்டால் வெளியே எந்த விண்டோஸ் என்பது கணக்கருக்குப் பொருட்டே இல்லை. அவர்களுக்கான முறை 2020 நவம்பரில் வந்தது. டேலி பிரைம் என்ற பெயரில் அந்த நிரலே தன் பட்டிகளை மாற்றி அமைத்தபோது, எட்டாண்டுக்கு முன் மற்றவர்கள் புலம்பியதை அவர்கள் புலம்பினார்கள்.

பத்திரிகை அடிக்கும் கடையின் சிக்கல்

மாற்றத்தின் முழுக் கனமும் இறங்கிய இடம் ஒளியச்சுக் கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கட்சிக் கூட்ட அறிவிப்பு எல்லாம் பிறக்கும் இடம். அங்கே வேலை பேஜ்மேக்கரில் நடந்தது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல், எக்ஸ்பியின் வயது. அதற்குப்பின் அடோபி நிறுவனம் அதை வளர்க்கவில்லை. விஸ்டா முதலான பதிப்புகளுக்கு அது அதிகாரபூர்வமாகத் தகவமைக்கப்படவும் இல்லை.

பேஜ்மேக்கருக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. ஆகவே கடைகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களையே நம்பியிருந்தன. இந்த எழுத்துருக்களில் கணினி உண்மையில் சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துக்களையோ குறிகளையோதான்; திரையில் அவற்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டப்பட்டிருக்கும். எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்று பொருளற்ற குறிகள் தெரியும். சில தொகுப்புகளுக்கு உரிமச் சான்றாக, கணினியின் பின்புறம் இணைதுளையில் செருகும் வன்பூட்டு ஒன்றும் வேண்டும். பத்தாண்டு வாடிக்கையாளர்களின் பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கோப்புகளில் இருந்தன. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்ததைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றித் தம்பி கல்யாணத்துக்கு அடிப்பதே அந்தத் தொழிலின் சிக்கனம்.

புதுக் கணினி வாங்கினால் இணைதுளை இராது. வன்பூட்டைச் செருக முடியாது. பழைய அச்சுப்பொறிக்கு இயக்கி கிடைக்காது. பழைய கணினியிலேயே புது விண்டோஸைப் பதியலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் நினைவகம் போதுமானது. விண்டோஸ் 8 குறைந்தது 1 கிகாபைட் கேட்டது, செயலியிலும் பழைய வகைகளை ஏற்க மறுத்தது. ஒரு பொத்தானைப் பற்றிய சச்சரவு என்று வெளியில் தோன்றியது, இங்கே கணினி, மென்பொருள், எழுத்துரு, அச்சுப்பொறி, சேமித்த கோப்புகள் என்று ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இருந்தது. ஒன்றை இழுத்தால் ஐந்தும் வரும். அதனால்தான் அந்தக் கடைகளில் எக்ஸ்பி நீடித்தது. அதைப் பழமை மோகம் என்று சொல்வது பொருந்தாது.

இதே மாற்றம் தமிழுக்குத் தந்ததையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழ் சரியாகத் தெரிய, கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைக் குறுவட்டிலிருந்து பதிய வேண்டும். அதைச் செய்யாத கணினியில் கொம்பு ஓர் இடத்திலும் எழுத்து ஓர் இடத்திலுமாகத் தமிழ் சிதறிக் கிடக்கும். விஸ்டா முதல் அந்தத் தேவை போயிற்று. விண்டோஸ் 8-உடன் நிர்மலா என்ற புதிய எழுத்துரு, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளுக்காகவே சேர்ந்து வந்தது. மொழித் தொகுப்புகளை நேரடியாகப் பதிவிறக்கும் வசதியும் வந்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியீடான டேஸ்-16-ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டிருந்தது. அந்த ஆணை நடைமுறையில் பொருள் பெற, ஒருங்குறியைத் தடங்கலின்றிக் காட்டும் கணினிகள் மேசைக்கு வர வேண்டியிருந்தது. தொடக்கப் பொத்தானைப் பறித்த அதே அலை அவற்றைக் கொண்டுவந்தது. படிப்பவருக்கு ஆதாயம், அச்சடிப்பவருக்குச் செலவு என்று அது பிரிந்து விழுந்ததுதான் சிக்கல்.

தட்டச்சு செய்வோர் நடுவில் நின்றார்கள். தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப்பின் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அன்றைய விண்டோஸில் இல்லை. இன்ஸ்கிரிப்ட் மட்டுமே இருந்தது. எ-கலப்பை, சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை அந்தக் குறையை ஈடுசெய்தன. பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு, தமிழ்99 என்று எந்த முறையில் விரல் பழகியிருந்தாலும் ஒருங்குறியில் எழுத அவை இடம் தந்தன. இயங்குதளம் கேட்காத கேள்வியை, 'உனக்கு எப்படிப் பழக்கம்?' என்பதை, இந்தச் சிறு நிரல்கள் கேட்டன.

2014 ஏப்ரல் 8

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திய நாள் 2014 ஏப்ரல் 8. உலகின் மேசைக் கணினிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அன்றும் எக்ஸ்பியில் ஓடியதாக அந்நாளைய கணிப்புகள் கூறின. வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களும் அதில் அடக்கம்.

இந்த முடிவை முன்னிட்டுத் தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குக் கட்டற்ற மென்பொருளுக்கு, குறிப்பாக பாஸ் லினக்ஸுக்கு, மாறும்படி அறிவுறுத்தியது. விண்டோஸ் 8 வாங்கும் செலவும் அதற்குப் பழகும் சிரமமும் எப்படியும் வரப்போகின்றன என்றால், பழகுவதை லினக்ஸிலேயே பழகலாமே என்ற வாதத்துக்கு அப்போது வலு இருந்தது. விண்டோஸின் முகம் மாறாமல் இருந்தவரை, 'எங்களுக்குப் பழகியது வேண்டும்' என்று எழுத்தர்கள் சொல்ல முடிந்தது. பழகிய முகம் விண்டோஸிலேயே இல்லாதபோது அந்த வாதம் வலுவிழந்தது.

ஆனால் லினக்ஸ் பக்கமும் அதே புயல் அடித்துக்கொண்டிருந்தது என்பது இந்த வரலாற்றின் குறும்பு. லினக்ஸில் பரவலாக இருந்த க்னோம் என்னும் மேசைச் சூழல், 2011 ஏப்ரலில் வந்த மூன்றாம் பதிப்பில் கீழ்ப்பட்டையையும் பட்டிகளையும் எடுத்துவிட்டு, இடது மேல் மூலையில் 'செயல்பாடுகள்' என்ற ஒற்றை வாசலை வைத்தது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான்கூட இயல்பிருப்பில் இல்லை. அதே மாதம் உபுண்டு யூனிட்டி என்ற தன் சொந்த முகத்துக்கு மாறியது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே சினந்து எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய சூழலுக்குப் போனார். 2013 மேயில் வந்த டெபியன் 7, க்னோம் 3-ஐ இயல்பிருப்பாக ஏற்றது. டெபியன்மேல் நிற்கும் பாஸுக்கும் அந்தக் காற்று வந்து சேர்ந்தது. பழைய முகத்தைத் தேடி விண்டோஸை விட்டு வந்தவரை அங்கேயும் புதிய முகமே வரவேற்றது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. க்னோம் 2-இன் மூலநிரல் திறந்தே கிடந்ததால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் அதை எடுத்து மாட்டே என்ற பெயரில் வாழவைத்தார். லினக்ஸ் மின்ட் குழு சினமன் என்றொரு பழைய பாணிச் சூழலை உருவாக்கியது. விண்டோஸ் எக்ஸ்பியை அப்படி எடுத்து வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. பேஜ்மேக்கர் கடைக்காரர் செய்ய முடிந்ததெல்லாம், இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டுப் பழைய கணினியை அப்படியே ஓட்டுவதுதான்.

பார்க்காமல் பயன்படுத்தியவர்கள்

பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், தேசியப் பார்வைக் குறைபாடுள்ளோர் நிறுவனத்தின் வட்டார மையமும் உள்ளன. திரைவாசிப்பான் கொண்டு கணினியை இயக்குவோரிடமிருந்து பார்த்தால் விண்டோஸ் 8 சர்ச்சை தலைகீழாகத் தெரியும். ஜாஸ் போன்ற விலையுயர்ந்த திரைவாசிப்பான்களோடு, ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசக் கருவியும் அப்போது பரவியிருந்தது. சுட்டியே தொடாத இவர்களுக்குப் பொத்தான் இருக்கும் மூலை ஒரு பொருட்டன்று. விண்டோஸ் விசையை அழுத்தி, நிரலின் பெயரில் நான்கு எழுத்தைத் தட்டி, உள்ளிடு விசையை அழுத்துவது விஸ்டாவிலும் 7-இலும் வேலை செய்தது. 8-இலும் வேலை செய்தது. இடத்தை நம்பாமல் பெயரை நம்பிய பழக்கம் இடம் மாறியபோது தப்பித்தது. எக்ஸ்பியில் மட்டும் அந்தத் தேடல் வசதி இல்லை என்பதால், அங்கிருந்து நேராக வந்தவர்கள் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பொத்தான் திரும்பியது

சினோஃப்ஸ்கி விண்டோஸ் 8 வெளியான மூன்று வாரத்துக்குள், 2012 நவம்பரில், மைக்ரோசாப்ட்டை விட்டு விலகினார். 2013 அக்டோபர் 17 அன்று வந்த 8.1 பதிப்பில் பொத்தான் தன் மூலைக்குத் திரும்பியது. ஆனால் அதை அழுத்தினால் மறுபடியும் அந்தக் கட்டங்கள் நிறைந்த திரையே வந்தது. தொடக்கத் திரையில் அணைக்கும் பொத்தானைக் கண்ணில் படும்படி வைத்ததும், தொடுதிரை இல்லாத கணினிகளை நேராக முகப்புத்திரைக்குக் கொண்டுபோனதும் அடுத்த புதுப்பிப்பில். அந்தப் புதுப்பிப்பு பொதுவாக வெளியான நாள் 2014 ஏப்ரல் 8. எக்ஸ்பி கைவிடப்பட்ட அதே நாள்.

முழுப் பட்டியும் திரும்பியது 2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10-இல். எண் 9 தாண்டப்பட்டது. தமிழ்99 விசைப்பலகையும் விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்பொன்றில் உள்ளமைந்தே வந்தது. அரசு ஏற்று ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகியிருந்தது.

மாநிலப் பாடத்திட்டம் 2018-இல் புதுப்பிக்கப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் இயங்குதளத்தோடு பணியாற்றுவது பற்றிய பாடம் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு பகுதிகளாக அமைந்தது. மடிக்கணினித் திரை கேட்ட கேள்வி பாடநூலுக்குள் வந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூரிலிருந்து பிரிந்து சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் மாநகராட்சியானது.

2023-இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளை மாயா என்ற உள்நாட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்ற முடிவு செய்ததாகச் செய்தி வந்தபோது, அதன் தோற்றமும் இயக்கமும் விண்டோஸைப் போலவே வைக்கப்பட்டுள்ளன, பயனர்கள் அதிக வேறுபாட்டை உணரமாட்டார்கள் என்பது முக்கியமாகச் சொல்லப்பட்டது. அதற்குள் மைக்ரோசாப்ட் மறுபடி கை வைத்திருந்தது. 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11-இல் தொடக்கப் பொத்தான் மூலையை விட்டுப் பணிப்பட்டையின் நடுவுக்கு நகர்ந்தது. இம்முறை அமைப்புகளில் ஒரு தேர்வு விடப்பட்டிருக்கிறது: பணிப்பட்டைச் சீரமைப்பு, நடு அல்லது இடது.